ஆறு மீட்டர் ஆழம் என்றால் அவ்வளவு இளப்பமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் முக்குளிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கடலுக்குள் இறங்குவதைப் பற்றித் தமிழில் ஒரு முழுப் பக்கம் வருவதே அபூர்வம் என்பதால் முதலில் சந்தோஷம்தான் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது மூன்று இடங்கள் உறுத்தின. ஆழம் குறைந்த பவளத்திட்டுகள் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்குத்தான், அனுபவம் வந்துவிட்டால் 30 மீட்டருக்குப் போய்விடுவார்கள் என்று ஒரு வரி. ஆழம் குறைவு என்பதால் அங்கே ஆபத்தும் இல்லை என்று இன்னொரு வரி. அப்புறம் அந்தப் படம். படத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் நாற்பத்தாறு வயதில் முக்குளிக்கக் கற்றுக்கொண்டவள். அதுவரை இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டியதில்லை. இப்போது வயது ஐம்பத்தெட்டு. பயிற்சியாளரும் இல்லை, ஆராய்ச்சியாளரும் இல்லை. கணக்கு எழுதும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். அந்தப் பழக்கதோஷத்தால் இதுவரை போன 212 முக்குளிப்புகளுக்கும் ஆழம், நேரம், மீதிக் காற்று, பார்த்தவை என்று நான்கு பத்தி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்தக் குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்வதுதான்.

என் 31-வது முக்குளிப்பு 30 மீட்டர். ஆழம் என்ற பத்தியில் அந்த எண்ணை எழுதிவிட வேண்டும் என்ற ஆசையைத் தவிர அங்கே போக எனக்கு வேறு காரணம் எதுவும் இருக்கவில்லை. இறங்கினேன். நேரம் 21 நிமிடம். பார்த்தவை என்ற இடத்தில் எழுதியிருப்பது இதுதான்: "ஒரு பெரிய களவா மீன். வால் மட்டும்."

ஏன் 21 நிமிடம் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. தண்ணீரில் பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் மேலே இருப்பதைப்போல நான்கு மடங்கு அழுத்தம். ஒவ்வொரு மூச்சுக்கும் நான்கு மடங்கு காற்று செலவாகும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) காற்று, அதில் 50 பாரைக் கையிருப்பாகத் தொடாமல் வைத்துக்கொள்கிறோம் என்று வையுங்கள். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிற ஒருவருக்கு 30 மீட்டரில் அது இருபத்திரண்டு நிமிடம் வரும். ஐந்து மீட்டரில் அதே சிலிண்டர் ஒரு மணி நேரம் வரும். காற்று இருந்தாலும் ஆழத்தில் உடம்பில் கரையும் நைட்ரஜன் விடாது. 30 மீட்டரில் ஏறக்குறைய இருபதாவது நிமிடத்திலேயே மேலே வரவேண்டியிருக்கும்.

நிறமும் அப்படித்தான். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஐந்து மீட்டரைத் தாண்டும்போதே அது மங்க ஆரம்பிக்கும், அடுத்தது ஆரஞ்சு. மிதப்புக்காகக் காற்று நிரப்பிக்கொள்ளும் என் முக்குளிப்புச் சட்டையில் தொங்கும் சிவப்பு விசில் 30 மீட்டரில் சாம்பல் கலந்த கறுப்பாகத் தெரிந்தது. அங்கே விளக்கு அடித்தால்தான் நிறம். நான்கைந்து மீட்டரில் சூரியனே விளக்கு.

அந்தச் சூரியன்தான் பவளத்துக்கும் சோறு போடுகிறது. பவளம் என்பது ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு பிராணிகள் சேர்ந்து கட்டும் சுண்ணாம்பு வீடு. அவற்றின் சதைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெளிச்சத்தில் உணவு தயாரித்து வீட்டுக்காரருக்குப் பெரும்பங்கைக் கொடுத்துவிடுகிறது. வெளிச்சம் எங்கே அதிகமோ அங்கே பவளம் அடர்த்தி. பவளம் அடர்ந்த இடத்தில் ஒளிந்துகொள்ள ஆயிரம் பொந்து. அப்புறம் மீன், நண்டு, இறால், ஆக்டோபஸ். கடலடிப் பரப்பில் ஒரு சதவீதம்கூட வராத பவளத்திட்டுகளை நம்பி, கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ கால்பங்கு இருக்கின்றன என்பார்கள். அதை எல்.கே.ஜி. வகுப்பைப்போல முடித்துவிட்டு மேலே போக, மன்னிக்கவும், கீழே போகச் சொல்கிறது உங்கள் கட்டுரை.

கற்றுக்கொள்ளும்போது எனக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது. முதல் சான்றிதழுக்கு 18 மீட்டர், அடுத்ததற்கு 30, பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு எல்லை 40. படிப்படியாக இறங்கும் ஒரு ஏணி மாதிரி. அந்த எல்லைகள் பாதுகாப்புக்காக வந்தவை. எப்படியோ அவை மதிப்பெண்களாக மாறிவிட்டன. படகில் ஏறியதும் பக்கத்தில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "அதிகபட்சம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறீர்கள்?" ஆழத்தில் மூழ்கிய கப்பல்கள் இருக்கின்றன, செங்குத்துச் சுவர்கள் இருக்கின்றன, அவற்றை நேசிக்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு முக்குளிப்பு முடிந்ததும், எவ்வளவு நேரம் ஒரே இடத்தில் இருந்தீர்கள் என்று ஏன் யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் குறை.

64-வது முக்குளிப்பைச் சொல்கிறேன். அதிகபட்ச ஆழம் 6 மீட்டர். இறங்கியவுடன் அந்தச் சத்தம். சுள்ளி எரியும்போது படபடவென வெடிக்குமே, அதைப்போல நாலா பக்கமிருந்தும் கேட்டுக்கொண்டே இருக்கும். பொந்துகளில் ஒளிந்திருக்கும் சிறு இறால்கள் ஒற்றைப் பெரிய இடுக்கியைச் சொடுக்கும் சத்தம் அது. தண்ணீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் போவதால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காது பிரித்துச் சொல்லாது. நடுவே கரகரவென்று இன்னொரு சத்தம். அது கிளிமீன். கிளி மூக்கைப் போன்ற பற்களால் பவளப்பாறையைச் சுரண்டிப் பாசியைத் தின்கிறது, கூடவே வந்த சுண்ணாம்பை அரைத்து வெள்ளை மணலாகப் பின்பக்கம் விடுகிறது. பல தீவுகளின் வெண்மணல் கடற்கரைகளில் நாம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுகமாக நடப்பது கணிசமாக இதன் மேல்தான்.

பவளத்துக்கு நடுவே ஒரு மணல் திட்டு. அதில் விரல் நுழையும் அளவு ஒரு குழி. குழிவாயில் ஒரு உளுவை மீன், விரல் நீளம், காவல்காரரைப்போல முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. அது தோண்டிய குழி இல்லை அது. உள்ளேயிருந்து ஒரு இறால், இரண்டு இடுக்கிகளையும் முன்னால் சேர்த்து மண்வாரி மாதிரி பிடித்துக்கொண்டு மணலைத் தள்ளி வந்தது. வாசலுக்கு ஒரு சாண் தள்ளிக் கொட்டிவிட்டுத் திரும்பியது. இந்த இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. வெளியே இருக்கும் நேரமெல்லாம் அதன் மீசைகளில் ஒன்று உளுவையின் மேல் பட்டுக்கொண்டே இருக்கும். கண் தெரியாதவர் பக்கத்தில் இருப்பவர் தோளில் கை வைத்துக்கொள்வது போல. உளுவை வாலை ஒரு சிலுப்பு சிலுப்பினால் "உள்ளே போ" என்று அர்த்தம்.

நான் இன்னும் கொஞ்சம் நெருங்கினேன். என் நிழல் குழிமேல் விழுந்தது. வால் சிலுப்பியது, இரண்டும் மாயம். மணிக்கட்டில் இருந்த கருவியைப் பார்த்தேன். பதினோரு நிமிடம் ஆயிற்று மறுபடி அந்த முகம் தெரிய. அடுத்த இரண்டு நிமிடத்தில் மீசை, அப்புறம் மணல். இந்தத் தடவை இறால் தன்னைவிடப் பெரிய ஒரு சிப்பி ஓட்டைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஓடு வாசலில் சரிந்து குழிக்குள்ளேயே விழுந்தது. மறுபடி தள்ளியது. மறுபடி சரிந்தது. நான்காவது முறை ஓட்டைப் பக்கவாட்டில் திருப்பி வெளியே கொண்டுவந்து போட்டது. உளுவை இதற்கெல்லாம் துரும்பையும் அசைக்கவில்லை. பார்த்தவை என்ற பத்தி போதாமல் அன்றைக்குப் பின்பக்கத்திலும் எழுதியிருக்கிறேன். மொத்தம் 68 நிமிடம். இந்தக் குழி வாசலில் மட்டும் 24.

திரும்பும் வழியில் ஒரு மீன் மருத்துவமனை. நீலக் கோடு போட்ட சிறு மீன்கள் இரண்டு ஒரு பவள மேட்டில் கடை விரித்திருந்தன. பெரிய மீன்கள் வந்து முறை வைத்துக் காத்திருக்கின்றன. ஒரு களவா, இந்த முறை முழுசாக, வாயை ஆவென்று திறந்து நிற்க, நீலக் கோடு உள்ளே போய் ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்றுவிட்டு செவுள் வழியாக வெளியே வருகிறது. இந்த வைத்தியருக்கு ஒரு போலியும் உண்டு. அதே நீளம், அதே கோடு. நம்பி வருகிறவரின் துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். எங்கேதான் இல்லை!

சரி, ஆபத்து இல்லை என்ற வரிக்கு வருகிறேன். இது அச்சில் வந்திருக்கவே கூடாது. முக்குளிப்பின் முதல் விதி மூச்சை அடக்காதே என்பது. அது முக்கியமாகப் பொருந்துவது ஆழம் குறைந்த இடத்தில்தான். 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு ஏறினால் நுரையீரலில் இருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்குதான் விரியும். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வந்தால் இரண்டு மடங்காகிவிடும். சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு ஒன்றரை மீட்டர் ஏறினாலே நுரையீரல் கிழியக்கூடும். நீச்சல்குளத்தில்கூட இது நடக்கலாம். பயந்து மேலே பாய்கிறவர்கள் பெரும்பாலும் புதியவர்கள், அவர்களைத்தான் உங்கள் கட்டுரை "ஆபத்து இல்லை" என்று அனுப்பிவைக்கிறது. அப்புறம் கல் மீன். பாசி பிடித்த கல்லைப் போலவே கிடக்கும், முதுகு முள்ளில் கடும் விஷம். முட்டையைக் காவல் காக்கும் பெரிய கிளாத்தி மீன் தன் கூட்டுக்கு மேலே விரியும் கூம்பு முழுவதையும் சொந்த வீடாக நினைத்துத் துரத்தும். அப்போது மேலே போகக்கூடாது, பக்கவாட்டில் விலக வேண்டும். எனக்கு இதைச் சொல்லித் தந்தவரின் கால்துடுப்பில் பல் பட்ட தடம் இருந்தது.

அழுத்தத்தின் இதே கணக்குதான் இன்னொன்றையும் கடினமாக்குகிறது. ஆழத்தில் கொஞ்சம் ஏறி இறங்கினால் மிதப்பு அதிகம் மாறாது. நான்கு மீட்டரில் அரை மீட்டர் ஏறினாலே சட்டையில் உள்ள காற்று விரிந்து இன்னும் மேலே இழுக்கும்; காற்றை விட்டால் தொப்பென்று இறக்கும். மேலே அலை ஆடினால் கீழே நாமும் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுவோம். போதாக்குறைக்கு, காற்று தீரத்தீர சிலிண்டரின் எடை இரண்டு கிலோ வரை குறைந்துவிடும். ஆக, உள்ளே அசையாமல் நிற்பதற்கு அதிகத் திறமை தேவைப்படும் இடமும், இடித்தால் அதிகம் உடையும் இடமும் ஒன்றேதான். அங்கேதான் நாம் புதியவர்களை முதலில் இறக்குகிறோம்.

புதியவர்களை மட்டும் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்கவேண்டாம். 63-வது முக்குளிப்பு, ஆழம் நான்கு மீட்டர். நகத்தளவு இருக்கும் ஓடில்லாக் கடல் நத்தை ஒன்று, ஊதா உடம்பில் மஞ்சள் விளிம்பு. அதைப் படம் எடுக்கத் தலையைக் கீழே கொண்டுபோனேன். கண் கேமராவில், கவனம் நத்தையில். கால் எங்கே இருக்கிறது என்ற நினைவே இல்லை. சடக் என்று பின்னால் ஒரு சத்தம். திரும்பினால் மான்கொம்புப் பவளத்தின் ஒரு கிளை, ஒரு சாண் நீளம், மணலில் கிடக்கிறது. வழிகாட்டி வந்தார். அதை எடுத்து என் மாஸ்க்குக்கு முன்னால் ஒரு கணம் காட்டினார். உடைந்த இடம் சாக்பீஸ் மாதிரி வெள்ளை. பிறகு அதை மணலில் போடாமல், ஆடாதபடி ஒரு இடுக்கில் நட்டுவிட்டார். அப்படி நிலையாக நின்றால் சில துண்டுகள் பிழைத்துக்கொள்ளும். படகில் ஏறியதும் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "நாளைக்குக் கேமரா படகிலேயே இருக்கட்டும்." அன்று முழுவதும் எனக்கு முகம் தொங்கிப்போயிற்று.

அந்த ஒரு சாண் வளர, நல்ல தண்ணீரில் வேகமாக வளரும் இனத்துக்கே இரண்டு மூன்று வருடம் ஆகும். உடைப்பது இருக்கட்டும், விரலால் அழுத்துவதே அதற்குக் காயம்தான். உயிருள்ள சதை மேலே மெல்லிய தோலாக இருக்கிறது. கீழே கூரான சுண்ணாம்பு. நாம் "மெதுவாகத்தான் தொட்டேன்" என்கிறோம். அது இரண்டுக்கும் நடுவே நசுங்குகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கரீபியன் கடலில் பொனேர் என்ற சின்னத் தீவு. 1979 முதல் அதைச் சுற்றிய கடல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. அங்கே எத்தனை நூறு முறை இறங்கியவராக இருந்தாலும், முதலில் ஒரு சோதனை முக்குளிப்பு போய் எடையையும் மிதப்பையும் சரிபார்த்துக்கொண்ட பிறகுதான் மற்றதெல்லாம். பவளத்தின்மேல் நங்கூரம் போடக்கூடாது, படகுகளை மிதவைகளில்தான் கட்டவேண்டும். கையுறைக்குத் தடை, வெறுங்கை என்றால் யாரும் எதையும் பிடிக்க யோசிப்பார்கள் அல்லவா. இதை எல்லா இடத்திலும் கேட்டு வாங்கலாம். நீங்கள் போகிற படகு நங்கூரம் எங்கே போடுகிறது என்று கேட்க எந்தச் சான்றிதழும் தேவையில்லை. சன்ஸ்கிரீன் பவளத்துக்குக் கெடுதல் என்று கட்டுரை நிறையப் பேசியது. பலாவ் நாடும் ஹவாயும் சில வேதிப்பொருள்கள் கலந்தவற்றைத் தடுத்திருப்பதும் உண்மை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் அந்தப் பேச்சு முடிந்தது. அதற்குக் கொடுத்த இடத்தில் பாதியைக் கடல் சூடாவதற்குக் கொடுத்திருக்கலாம்.

ஏனென்றால் வெப்பமும் முதலில் அடிப்பது இந்த ஆழம் குறைந்த இடத்தைத்தான். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தால் போதும், பவளம் தன் பாசிகளை வெளியேற்றிவிடும். சதை கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே இருக்கும் சுண்ணாம்பு தெரியும். இப்படி உலகம் முழுக்க நடந்தது முதலில் 1998-இல், பிறகு 2010, பிறகு 2014 முதல் 2017 வரை. நான்காவது நடந்துகொண்டிருக்கிறது என்று 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா அறிவித்தது. நான் ஒருமுறை அப்படி வெளுத்த திட்டில் இறங்கினேன். தண்ணீர் தெளிவு, திட்டு முழுக்க வெள்ளை. படகில் இருந்த ஒருவர் "பனி பெய்த மாதிரி எவ்வளவு அழகு" என்று மேலே வந்ததும் சொன்னார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெளுத்த பவளம் செத்த பவளம் இல்லை. தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும். அடுத்த வருடம் அதே இடத்துக்குப் போனேன். சில உருண்டைப் பவளங்கள் நிறம் திரும்பியிருந்தன. மான்கொம்புகள் மேல் பழுப்பு நிறத்தில் பாசி முடி முடியாக வளர்ந்திருந்தது. சுள்ளி வெடிக்கும் சத்தம் குறைந்திருந்தது போலத் தோன்றியது. அது என் மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

இனி படம். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு இளைஞர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார். கீழே "பாறை மீது ஏறி வெற்றிக் களிப்பு" என்று போட்டிருக்கிறீர்கள். தண்ணீர் தெளிவாக இருப்பதால் அவர் நிற்பது எதன்மேல் என்று நன்றாகவே தெரிகிறது. அது உருண்டைப் பவளம், பழுப்பும் மஞ்சளுமாக உயிரோடுதான் இருக்கிறது. அந்த வகை வருடத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். படத்தில் அதன் உயரம் ஒரு மீட்டருக்குக் குறையாது. அந்தத் தம்பியின் தாத்தா பிறக்கும் முன்பே அது அங்கே வளரத் தொடங்கியிருக்கும். அவரைக் குறை சொல்லவில்லை, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்த விடுமுறையில் எத்தனை பேர் அதேபோல ஏறி நிற்கப் போகிறார்கள் என்பதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் கெடுகிறது.

வரும் ஞாயிறு இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: படத்தில் இருப்பது பாறை அல்ல, பிராணி, ஆழம் குறைந்த இடத்திலும் மூச்சை அடக்கக்கூடாது. மாற்றுப் படம் கேட்டு யாராவது என்னைத் தொடர்பு கொண்டால் கடல் நத்தை படம் இருக்கிறது, அதுவும் கலங்கல்தான். அந்த இறாலும் உளுவையும் இருக்கும் படம் என்னிடம் இல்லை. அன்றைக்குக் கேமரா படகில் இருந்தது.

இப்படிக்கு,
64-வது முக்குளிப்பை இன்னும் எடுத்துப் படிக்கும் ஒரு வாசகி